தற்காலிகச் சிங்கங்களின் சட்டை

பழைய பெயரைச் சட்டையிலிருந்து உரித்துவிடலாம். அதன் நிழலை உரிக்க முடியவில்லை. ஜெர்சி அக்காவின் சிக்கல் இவ்வளவுதான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்பவருக்கும் கைபேசி பழுது பார்ப்பவருக்கும் நடுவில் இருந்தது அவள் கடை. பள்ளிகளுக்கும் கிளப்புகளுக்கும் சட்டையில் பெயரும் எண்ணும் போட்டுக் கொடுப்பாள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் சிக்கல் புரியும். முதலில் ஒரு இயந்திரம் மெல்லிய வினைல் தாளில் எழுத்துகளை வெட்டும். அந்த இயந்திரம் அவள் கணவரின் பொறுப்பு. வெட்டியதும், எழுத்துக்கு வெளியே இருப்பதையும் எழுத்தின் சுழிகளுக்கு உள்ளே இருப்பதையும் ஊசிமுனையால் உரித்து எடுக்க வேண்டும். பிறகு சட்டையை ஹீட் பிரஸ்ஸில் விரித்து, எழுத்துத் தாளை அதன் மேல் வைத்து, மூடியை அழுத்த வேண்டும். ஹீட் பிரஸ் என்பது இஸ்திரிப்பெட்டிக்குப் பெரியப்பா. அதன் சூட்டில் தாளுக்கு அடியிலுள்ள பசை உருகி நூலுக்குள் இறங்கும். ஆறியதும் நூலோடு நூலாக இறுகிவிடும். எத்தனை முறை துவைத்தாலும் எழுத்து விழாமல் இருப்பது இதனால்தான்.

எழுத்தை எடுப்பது கஷ்டமாக இருப்பதும் இதனால்தான். மறுபடி சூடாக்கி இழுத்தால் வினைல் வரும், உள்ளே இறங்கிய பசை வராது. சூடு பட்ட இடத்தில் துணியின் சாயமும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆகவே ‘புயல்கள்’ என்பதை உரித்துவிட்டு ‘பேரலைகள்’ என்று ஒட்டினால், வெயிலில் பார்க்கிறவருக்குப் பேரலைகளுக்கு அடியில் புயல்கள் தெரியும்.

“வானிலை அறிக்கை மாதிரி இருக்கு,” என்றார் கணவர்.

“சிரிக்காதீங்க. தம்பி போட்டுக்க வேண்டிய சட்டை.”

பசை நீக்கும் திரவத்தைத் தடவிப் பார்த்தாள். பழுப்புத் தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். சட்டை விறைத்தது, நிழல் அசையவில்லை.

அது முதலாம் எண் சட்டை, கோல்கீப்பருடையது. கோல்கீப்பர் அவளுடைய தம்பி. கோலை அடைத்துப் பூட்டிவிடுகிறவன் என்பதால் அவனை எல்லோரும் பூட்டு என்றே கூப்பிட்டார்கள். குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். மாலையில் கிடங்கு அணிக்காக, தெரு அணிக்காக, யார் கூப்பிட்டாலும் அவர்களுக்காகக் கோலில் நின்றான். காசு வாங்கி ஆடும் ஒரு ஆட்டத்தில், சட்டப்படி நியமித்த ஒரு நடுவர் ஊதும் விசிலுக்கு அவன் நின்றதே இல்லை. இப்போது புதிதாகத் தொழில்முறைக் கால்பந்து லீக் ஒன்று வந்தது. எட்டு ஊர், எட்டு அணி. இந்த ஊர் அணிக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கே போய்க் கிடங்கில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான்.

பயிற்சியாளர்கள் வந்துவிட்டார்கள். மைதானத்தில் புல் வளர்ந்து, வெட்டப்பட்டு, மறுபடி வளர்ந்துவிட்டது. அணிகளுக்குப் பெயர் மட்டும் பாக்கி. இங்கே லீக்கின் விதிகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, இறுதிப் பெயர் இல்லாத அணி களமிறங்கக் கூடாது. இதை எழுதியது பெயர்க்குழு. இன்னொன்று, முப்பத்தைந்து வயது முடிந்தவர் முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கக் கூடாது. இதை எழுதியது மருத்துவக்குழு. இரண்டு குழுவினரும் தினமும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கினார்கள். பேசிக்கொண்டதில்லை.

மழை தொடங்கும் மாதத்தில் பூட்டுக்கு முப்பத்தைந்து முடிகிறது.

“ஒரே ஒரு ஆட்டம்க்கா,” என்றான் கடையில் உட்கார்ந்து கையுறையைத் துடைத்தபடி. “பத்து கோல் வாங்கினாலும் சரி. அப்புறம் யாரும் என்னை ஆடாதவன்னு சொல்ல முடியாது.”

“பத்து கோல் வாங்கினா வேற என்னமோ சொல்லுவாங்கடா.”

“சொல்லட்டும். ஆடினவனைத்தானே சொல்லுவாங்க.”

‘புயல்கள்’ என்ற பெயர் ஏன் போனது என்றால், லீக்கின் முக்கியப் புரவலர் ஒரு காப்பீட்டு நிறுவனம். புயல் என்ற சொல்லைக் கேட்டாலே தங்கள் ஊழியர்கள் இழப்பீட்டுப் படிவங்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ‘பேரலைகள்’ வந்தது. இந்த ஊரில் கடல் இல்லை என்று யாரோ நினைவூட்டினார்கள். கடலுக்கு இதில் ஆட்சேபம் உண்டா என்று அறிய பெயர்க்குழு குடும்பத்தோடு ஒரு கடற்கரைக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தது. ஆட்சேபம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் கடல் உள்ள இன்னொரு அணி, அலைகள் தங்களுடையவை என்று வக்கீல் வைத்தது. பேரலைகளும் போயின.

அக்கா நேரில் கேட்டுவிடலாம் என்று லீக் அலுவலகத்துக்குப் போனாள்.

நாற்காலி விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் மேடை; மேடையில் கோப்பை இல்லை, கோப்பைக்குப் பெயர் வைக்கும் உபகுழு இன்னும் கூடவில்லை. கூட்ட அறையில், ஆட்ட உத்திகளை விளக்குவதற்கான காந்தப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதில் கோல்கீப்பருக்கான காந்தம் தேநீர்க்காரரின் தொலைபேசி எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெயர்க்குழுத் தலைவர் அவளை மரியாதையாக உட்கார வைத்தார்.

“இங்க பாருங்கம்மா. பெயர்ங்கறது சாதாரண விஷயம் இல்ல. பந்து இன்னைக்கு உருளும், நாளைக்கு காத்து போயிடும். பெயர் நிக்கும். நான் இதுவரைக்கும் ஒரு ஃபுட்பால் மேட்ச் கூட முழுசா பார்த்ததில்ல. அதனாலதான் நடுநிலையானவர்னு என்னைத் தலைவராப் போட்டாங்க. பார்த்திருந்தா ஏதாவது ஒரு பக்கம் மனசு சாஞ்சிருக்கும்.”

“சார், பெயரே இல்லாம வெறும் சட்டையில ஆட விடக்கூடாதா? கலரை வச்சே ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

“ஆடட்டும். தோத்துட்டா? யாரு தோத்தாங்கன்னு எழுதறது?”

“ஜெயிச்சா?”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “அதைப் பத்தி நாம யோசிக்கல, இல்ல?”

பக்கத்தில் இருந்தவர் லீக்கின் வருங்கால ஆலோசகர். லீக்கின் வருங்காலம் எப்படியிருக்கும் என்பதைக் கணிப்பது அவர் வேலை. அதற்காக அவர் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தார். கோடு மேலே போய்க்கொண்டே இருந்து தாளை மீறிச் சுவரிலும் கொஞ்ச தூரம் ஏறியிருந்தது. கோடு எதை அளக்கிறது என்று அக்கா கேட்டாள். அவளுக்கு எதுவாக இருந்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

“எதிர்பார்ப்பை,” என்றார் ஆலோசகர்.

“எதை எதிர்பார்க்கறாங்க?”

“லீக் ஆரம்பிக்கறதை. போன மாசத்தைவிட இந்த மாசம் அதிகமா எதிர்பார்க்கறாங்க. தள்ளிப்போகப் போகக் கூடுது. ஆட்டம் தொடங்கின அன்னைக்கு இந்தக் கோடு என்ன ஆகும் சொல்லுங்க. டமால்னு கீழ விழும். ஏன்னா அப்புறம் எதிர்பார்க்க ஒண்ணும் இல்ல. அதனால ரொம்ப ஜாக்கிரதையா போயிட்டிருக்கோம்.”

அவள் எழுந்து வாசல்வரை வந்தபோது பெயர்க்குழுத் தலைவர் கூப்பிட்டு, நல்ல செய்தி ஒன்று உண்டு என்றார். எட்டு அணிகளும் சிங்கம் என்ற பெயரைக் கேட்டிருந்தன. ஒருவருக்குக் கொடுத்தால் ஏழு பேருக்கு வருத்தம். ஆகவே, இறுதி முடிவு வரும்வரை சிங்கத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ள இந்த ஊருக்கு அனுமதி. விதிக்காக அதுவரை அதையே இறுதிப் பெயராகக் கருதிக்கொள்ளலாம். முதல் ஆட்டத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அக்கா சட்டைகளில் ‘தற்காலிகச் சிங்கங்கள்’ என்று அடித்தாள். பெயர் நீளமாக இருந்ததால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. சிங்கங்களுக்கு அடியில் அலையும், அலைக்கு அடியில் புயலும் மங்கலாகத் தெரிந்தன. பூட்டு சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றான்.

“எப்படிடா இருக்கு?”

“நெஞ்சுல ஏதோ குடியிருக்கிற மாதிரி இருக்குக்கா. காலி பண்ணாத பழைய வாடகைக்காரங்களோட சேர்ந்து.”

ஆட்ட நாளன்று மைதானத்தில் நல்ல கூட்டம். பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் மாமனார் வீட்டார். எதிரணி பேருந்தில் வந்து இறங்கி உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தது. அவர்களுடைய நெஞ்சிலும் தற்காலிகச் சிங்கங்கள்.

இது எப்படி நடந்தது என்றால், பெயர்க்குழுவில் இரண்டு உபகுழுக்கள் இருந்தன. ஒன்று வடபுற ஊர்களுக்கு, ஒன்று தென்புற ஊர்களுக்கு. ஒவ்வொன்றும் தன் பகுதியில் ஒரே ஒரு அணிக்குத்தான் சிங்கத்தைக் கொடுத்திருந்தது. தன்னளவில் யாரும் தவறு செய்யவில்லை.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் கணீரென்று சொன்னார். “இன்றைய முதல் ஆட்டத்தில் தற்காலிகச் சிங்கங்களை எதிர்த்துத் தற்காலிகச் சிங்கங்கள் களம் காண்கின்றன.” கூட்டம் முழுவதும் கைதட்டியது, எல்லோருடைய அணியும் அதுதான். நடுவர் நாணயத்தை எடுத்தார். விதிப்படி, சிங்கங்கள் பூவா தலையா கேட்கட்டும் என்றார். இரண்டு அணித்தலைவர்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒருவர் பூ, ஒருவர் தலை. சிங்கங்கள் இரண்டையும் கேட்டதாக ஆகிறது என்றார் நடுவர். அப்படிக் கேட்க விதியில் இடமில்லை. அவர் நேர்மையான மனிதர். நாணயத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

பூட்டு அப்போது கோலுக்கு நடுவில் நின்று, துள்ளித் துள்ளி மேல்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தான்.

உடைமாற்றும் அறைக்குப் பெயர்க்குழுத் தலைவர் வந்தார். சட்டைகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

“கோளாறு எங்க இருக்குன்னு இப்பதான் புரியுது. பெயர் மாத்தறதுக்கு நாங்க எப்பவும் தயார். இன்னைக்கே இங்கயே மாத்தியிருக்கலாம். உங்க சட்டைதான் தயாரா இல்ல. ஒண்ணுக்கு அடியில ஒண்ணா இத்தனை பெயர் தெரிஞ்சா ஜனங்க நம்மளை என்ன நினைப்பாங்க?”

“சட்டையில சுத்தமா பெயர் மாத்த வழி கண்டுபிடிச்சா, ஆட்டம் வச்சிடுவீங்களா சார்?”

“மறுநாளே,” என்றார் தலைவர். “என் வார்த்தை.”

பூட்டு காலுறையைக் கழற்றிக்கொண்டே அக்காவைப் பார்த்தான். அவள், “பார்க்கறேன்டா,” என்றாள்.

வானம் அப்போதே மூட்டமாக இருக்கத் தொடங்கியிருந்தது.

அந்த வாரம் கணவருக்குத் தலைசுற்றல் என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், பார்த்தாள், பட்டையைச் சர்ரென்று பிரித்தாள்.

“கொஞ்சம் கூடத்தான் இருக்கு. எதையாவது மனசுல போட்டு வச்சிருக்கீங்களா?”

“நான் வைக்கலம்மா. என் மச்சான் வச்சிருக்கான், இவ வச்சிருக்கா. நான் பக்கத்துல இருக்கேன், அவ்வளவுதான்.”

“சிஸ்டர், இன்னொரு தடவை பாருங்க,” என்றாள் அக்கா.

நர்ஸ் மறுபடி சுற்றிப் பிரித்தாள். சர்ர்.

“இன்னும் ஒரு தடவை.”

“ஏம்மா, கை மரத்துப்போகுது,” என்றார் கணவர்.

வெல்க்ரோ பட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செருப்பில் இருக்கிறது, பையில் இருக்கிறது. ஒரு பக்கம் பஞ்சு மாதிரி சுருள் சுருளான நூல். மறுபக்கம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் கொக்கிகள். அழுத்தினால் கொக்கிகள் சுருள்களில் மாட்டிக்கொள்ளும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொன்றாக விட்டுவிடும். பசை இல்லை, சூடு இல்லை, எதுவும் துணிக்குள் இறங்குவதில்லை. இவ்வளவு நாளும் அவளுக்கு இது தோன்றாததற்குக் காரணம், பெயர் என்றால் நிலையாக ஒட்ட வேண்டியது என்று அவள் தொழில் அவளுக்குப் பழக்கியிருந்ததுதான்.

புதிய சட்டை ஒன்றை எடுத்து நெஞ்சில் பஞ்சுப் பக்கத்தைத் தைத்தாள். தடித்த துணியில் பெயர் அடித்து, அதன் பின்னால் கொக்கிப் பக்கத்தைத் தைத்தாள். மாற்றி வைத்திருந்தால் பெயர் இல்லாத நேரத்தில் கொக்கிகள் கையைக் கீறும். கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறவன் அல்லவா. அழுத்தினாள். நின்றது. இழுத்தாள். வந்தது. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நிழல் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவள் அதைச் செய்து காட்டியபோது அறையே எழுந்து நின்றது. பெயர்க்குழுத் தலைவர் சட்டையை வாங்கி, தானே ஒரு முறை பிரித்தார். சர்ர். முகம் மலர்ந்தது. ஒட்டினார், பிரித்தார். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மருத்துவக்குழுவும் வந்தது. ஆளுக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்தார்கள். எட்டு அணிகளுக்கும் இப்படியே செய்ய அங்கேயே உத்தரவு போட்டார்கள்.

“அப்ப நாளைக்கு ஆட்டம் சார்,” என்றாள் அக்கா.

“எதுக்கும்மா அவசரம்?” என்றார் தலைவர். “இத்தனை நாளா ஒரு பயம் இருந்தது. தப்பான பெயரை வச்சிட்டா மாத்த முடியாதேன்னு. நெருக்கடியில முடிவெடுக்க வேண்டியிருந்தது. இப்ப அந்த நெருக்கடியை நீங்க தீர்த்துட்டீங்க. எந்தப் பெயரையும் வச்சுப் பார்க்கலாம், பிடிக்கலைன்னா எடுத்துடலாம். சரியான பெயர் கிடைக்கிற வரைக்கும் இனிமே எங்களை யாரும் அவசரப்படுத்த முடியாது.”

“என் தம்பிக்கு அடுத்த மாசம் முப்பத்தஞ்சு முடியுது சார்.”

தலைவர் மருத்துவக்குழுவைப் பார்த்தார். மருத்துவக்குழு லிஃப்டைப் பார்த்தது.

அதன் பிறகு பெயர்கள் வந்தன. ஒவ்வொரு ஊரிலும் பெயர் சூட்டு விழா. காலையில் கழுகுகள், மாலையில் வைரங்கள். புரவலர் மாறிய வாரம் பார்த்து இந்த ஊர் அணி ‘உறக்கம்’ என்று அழைக்கப்பட்டது. புதிய புரவலர் மெத்தை நிறுவனம். மைதானத்தின் நடுவட்டத்தில் மேடை போட்டார்கள். ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்க, விருந்தினர் ஒருவர் வந்து ஒலிவாங்கியை நெஞ்சருகே பிடித்துப் பழைய பெயரைச் சர்ரென்று கிழிப்பார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். தொலைக்காட்சிக்காரர்கள் விழாவை மட்டும் நேரலையாகக் காட்ட உரிமை வாங்கினார்கள். கிழிப்பதை மெதுவாக ஓட்டி மறுபடி மறுபடி போட்டுக் காட்டினார்கள். முன்னாள் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து, இடது ஓரத்திலிருந்து பிரித்திருக்கலாமா என்று விவாதித்தார்கள்.

ஆலோசகரின் கோடு கூரையை எட்டியது. ஒரு விழாவில் அவர் பேசினார். “லீக் தொடங்கி இத்தனை நாள் ஆகியும் ஒரு அணி கூட தோக்கல. ஒருத்தருக்குக் கூட காயம் இல்ல. எட்டு அணியும் முதலிடத்துல இருக்கு. உலகத்துல வேற எந்த லீக்காவது இப்படிச் சொல்ல முடியுமா?” யாராலும் சொல்ல முடியாதுதான்.

மழை வந்தது. பூட்டின் பிறந்தநாள் அன்று காலை, அக்கா மைதானத்துக்குப் போனபோது அவன் சேற்றுக்கு நடுவே கோலில் நின்றுகொண்டிருந்தான். அவள் கணவர் பந்தை வைத்து உதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் மெதுவாகத்தான் உதைத்தார். அவன் அதற்கும் முழு நீளத்துக்குப் பாய்ந்தான். பந்தை நெஞ்சில் அணைத்தபடி விழுந்து சறுக்கினான்.

எழுந்தபோது பெயர் நெஞ்சில் இல்லை. கொஞ்சம் தள்ளிச் சேற்றில் கிடந்தது. அன்றைக்கு என்ன பெயர் என்று அதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், அவன் எடுக்கவில்லை.

“விழுந்தா கழண்டுடுதுக்கா.”

“ரெண்டு ஓரத்துலயும் தைச்சிடட்டுமா?”

“தைச்சா கிழிக்க முடியாதே. விழா கெட்டுப்போயிடும்.” கையுறையிலிருந்த சேற்றை மழையில் நீட்டிக் கழுவினான். “கிடங்குல பேசிட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஃபோர்க்லிஃப்ட்ல வேற ஆள் போட்டாச்சாம். மூட்டை எண்ணுற வேலை.”

“என்னாலதான்டா.”

“உன்னால இல்லக்கா. நீ நல்லாத்தான் பண்ணின. அதான் பிரச்சனை.”

கணவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இன்னொண்ணு உதைக்கட்டுமா மச்சான்?”

“உதைங்க.”

அக்கா, தான் செய்த வேலையில் குறை இருந்தால் சொல்லிவிடுகிறவள். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள், கோல்கீப்பர் பாய்ந்தால் பெயர் கழன்று விழுகிறது என்று. பெயர்க்குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படி ஒரு சந்தர்ப்பம் வராமல் லீக் பார்த்துக்கொள்ளும் என்று உறுதி அளித்தார்.

விழாக்கள் தொடர்ந்ததால் மற்ற ஊர்களிலிருந்தும் சட்டை அடிக்கிறவர்கள் அவளிடம் தொழில்நுணுக்கம் கேட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் அதே பழைய சிக்கல், உரித்தால் நிழல் விழுகிறது. அவள் யாரிடமும் மறைக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கணவருக்குச் சைகை காட்டிவிட்டு, முதலிலிருந்து நிதானமாகச் சொல்லுவாள்.

“பஞ்சுப் பக்கத்தைச் சட்டையில தைங்க, கொக்கிப் பக்கத்தைப் பெயர்ல தைங்க. நாலு ஓரமும் ரெட்டைத் தையல். ஹீட் பிரஸ் சூடு சட்டை மேல படவே வேண்டாம். நிழல் விழாது, எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். கழண்டு விழாம இருக்கணும்னா ஒண்ணே ஒண்ணுதான். சட்டையைப் போட்டிருக்கிறவர் அசையாம நிக்கணும்.”